கொய்யா இலை வாசனை அடித்த கடற்கரை

நேற்றுக் காலை வசந்தா எனக்காகக் கொய்யா இலை கொதிக்க வைத்தாள். மூன்று நாளாகக் கடைவாய்ப் பல்லில் வலி. வெதுவெதுப்பாக வாய் கொப்பளித்தால் வலி கேட்கும் என்று அவளுக்கு யாரோ சொன்னார்களாம். டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், டம்ளரைத் தரையில் வைத்துவிட்டேன். வைத்தேன் என்ன வைத்தேன், வீசியெறியாத குறை. பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. உங்கள் வருஷத் திதிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்று ஒத்தாசைக்கு வந்த நம் மகள், பெற்ற தாயைப் பார்த்து மிரண்டுபோய் நின்றாள்.

“என்னம்மா, சுட்டுடுச்சா?”

“அந்தப் பக்கம் கொண்டு போடி. அந்த நாத்தம் எனக்கு ஆவாது.”

“நாத்தமா? எனக்கு இந்த வாசனை வந்தாலே பாண்டிச்சேரி கடற்கரைதாம்மா ஞாபகம் வருது. ஞாயித்துக்கிழமை ஆனா நாம எல்லாரும் போவோமே. எவ்ளோ நல்லா இருந்துச்சு!”

நாம எல்லாரும்! கேட்டீர்களா உங்கள் மகள் சொன்னதை?

சொன்னதோடு விட்டாளா? உள்ளே போய் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து வந்தாள். திதிக்குச் சட்டம் போட்டு மாட்டப் போகிறாளாம். கடற்கரைக் கைப்பிடிச் சுவர்மேல் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் எட்டு வயது வசந்தா, மறுபக்கம் ஐந்து வயது சேகர். பின்னால் உங்கள் அண்ணனும் தம்பியும். ஓரத்தில் உங்கள் தங்கை, புடவை நனைந்து காலில் ஒட்டியிருக்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எல்லோருக்கும் பின்னால் புயலில் உடைந்த பழைய பாலத்தின் இரும்புக் கால்கள். கடற்கரையில் போட்டோ பிடிப்பவனிடம் சொல்லி எடுத்த படம்.

“நீ எங்கம்மா இதுல? நீதான் புடிச்சியா?”

நான் போட்டோ பிடித்தேனாம். அந்த நேரத்தில் நான் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கல்லவா தெரியும்! கரித்துணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“நான் வரலை” என்றேன்.

“சும்மா சொல்லாதம்மா. என் கையப் புடிச்சுக்கினு அலையில நின்னியே. முழங்கால் வரைக்கும் பொடவை நனைஞ்சுபோச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“அது உங்க அத்தைடி. படத்திலேயே நிக்கறா பாரு” என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. படத்தோடு உள்ளே போய்விட்டாள்.

அதுதான் இந்தக் கடிதம். போனவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். இருந்தவர்மேல் கோபப்பட எனக்கு எப்போது விட்டீர்கள்? நாற்பத்து மூன்று வருஷம் உங்களோடு குடித்தனம் செய்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் நாம் பேசியதே இல்லை. இன்றைக்குப் பேசித் தீர்த்துவிடுகிறேன். நடுவில் எழுந்து போக உங்களால் முடியாது, அதுவரைக்கும் எனக்கு லாபம்.

ஐம்பத்தாறாம் வருஷம், பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். பிரெஞ்சு வெள்ளைக்காரன் பாண்டிச்சேரியை விட்டுப் போய், புது ஆட்சியின் ஆபீசுகளில் இங்கிலீஷ் தெரிந்த குமாஸ்தாக்கள் வேண்டும் என்று உங்களைக் கள்ளக்குறிச்சியிலிருந்து அனுப்பினார்கள். விழுப்புரத்தில் ரயில் மாறினோம். சேகர் என் மடியில் தூங்கினான். ஜன்னலோரம் உட்கார்ந்து நீங்கள் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

“அங்க போனா ஞாயித்துக்கிழமைன்னா கடற்கரைதான். நாம நாலு பேரும். உனக்குக் கடல காமிக்கிறேன் பாரு, அசந்துடுவ.”

நான் கடலைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் எங்கள் ஊர் ஏரி; அதுவும் பாதி வருஷம் வெடித்துக் கிடக்கும். இருபத்தாறு வயதில் உங்களிடம் நான் கேட்டுப் பெற்றது எதுவும் கிடையாது. இது நான் கேட்டதுகூட இல்லை. நீங்களாகத் தந்தது. அதனால்தான் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது.

ஈஸ்வரன் கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு கிடைத்தது. பின்கட்டில் வீட்டுக்காரர் இருந்தார். சைகோன் வரைக்கும் போய் வந்த சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். என்னை ‘மதாம்’ என்று பிரெஞ்சில் மரியாதையாகக் கூப்பிட்ட முதல் மனிதர் அவர்தான். நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் ஒரு கொய்யா மரம். கிழக்கே ஒன்பது தெரு நடந்து, பெரிய வாய்க்காலைத் தாண்டினால் கடல். அமைதியான விடியற்காலையில் படுக்கையில் இருந்தபடியே அதன் சத்தம் கேட்கும். முதல் வாரம் அதை நான் யாரோ வண்டி ஓட்டிப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு சாமான் பிரித்து அடுக்குவதில் போயிற்று. சரி. இரண்டாம் ஞாயிற்றுக்கு நான் சனிக்கிழமையே மாவரைத்து, பச்சைப் புடவையை எடுத்து வைத்தேன். சனிக்கிழமை மாலை வாசலில் ஜட்கா வந்து நின்றது. உங்கள் அண்ணன் இறங்கினார், கூடவே இரண்டு பேர்.

“தம்பிய பாத்துட்டு, அப்படியே கடலயும் பாத்துட்டுப் போவலாம்னு வந்தோம்” என்றார்.

கடலாம்! நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் மதுவிலக்கு. பாண்டிச்சேரியில் தெருவுக்குத் தெரு கடை திறந்திருந்தது. அவர்கள் பார்க்க வந்த கடல் எது என்று ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் அன்றைக்குத் தெரியவில்லை. உண்மையாகவே கடல் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணி, நாளைக்கு எல்லோரும் சேர்ந்து போகலாம் என்று சந்தோஷப்பட்டேன். என்னைப்போல ஒரு அசடு உண்டா!

ஞாயிற்றுக்கிழமை எப்படி நடக்கும் என்று உங்களுக்கே ஒரு தரம் சொல்லிக் காட்டுகிறேன். காலையில் பலகாரம் முடிந்ததும் நீங்கள் அவர்களைக் கடைக்கு அழைத்துப் போவீர்கள். நீங்கள் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. கடை வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். குடித்திருந்தாலாவது குடிகாரன் பெண்டாட்டி என்று அழுதிருப்பேன், நாலு பேர் எனக்காகப் பரிந்து பேசியிருப்பார்கள். மத்தியானம் வந்து மீனும் கறியுமாகத் தின்று, கூடத்தில் வரிசையாகப் படுத்துவிடுவார்கள். மூன்று மணிக்கு எழுந்ததும் பயம் பிடித்துக்கொள்ளும். எல்லையில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தும், பையைத் துழாவும், வாயை மோந்து பார்க்கும். உங்கள் அண்ணன் ஊரில் பெரிய மனிதர் வேறு. வாசனையோடு பிடிபட்டால் மானம் போய்விடும்.

அதற்குத்தான் கொய்யா இலை. மரத்திலிருந்து கொத்துக் கொத்தாகப் பறித்து ஆளுக்கு ஒரு பிடி மெல்லுவார்கள். சொல்தா தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவரும் தினம் ராத்திரி சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடிக்கிறவர்தான், ஆனால் யாருக்கும் ஒளிக்காமல் குடிக்கிறவர். ஒருநாள் பொறுக்க முடியாமல், பிரெஞ்சு மரியாதையோடு ‘முசே’ போட்டே கேட்டுவிட்டார்.

“குடிக்கிறதுன்னா குடிங்க முசே. அப்புறம் ஏன் ஆடு மாதிரி எலைய மேயிறீங்க? என் மரம் மொட்டையாவுதே!”

உங்கள் தம்பி பல்லெல்லாம் பச்சையாகச் சிரித்தார்.

இலை மென்ற பிறகு கடற்கரை. கடல் காற்றில் இரண்டு மணி நேரம் நடந்தால் மிச்ச வாசனையும் போய்விடும் என்பது உங்கள் அண்ணனின் கண்டுபிடிப்பு. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு எல்லோருமாகக் கிளம்புவீர்கள். பிள்ளைகள் கூட இருந்தால் குடும்பத்தோடு காற்று வாங்க வந்தவர்கள் மாதிரி இருக்கும் அல்லவா? நான் வரக் கூடாதா என்றால், ஆறு மணி பஸ்ஸுக்குப் புளிச்சோறு கட்டித் தர வேண்டும், எச்சில் பாத்திரம் மலைபோல் கிடக்கிறது. வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்து ஒன்று சொல்வீர்கள்.

“அடுத்த வாரம் நீயும் வா. கடல் எங்க ஓடிப் போவுது?”

அடுத்த வாரம் உங்கள் தம்பி வருவார். அதற்கடுத்த வாரம் தங்கையும் மாப்பிள்ளையும். பிறகு அண்ணனுடைய சம்பந்தி, சம்பந்தியின் பங்காளி, பங்காளிக்குத் தெரிந்த நெல் வியாபாரி. விழுப்புரத்திலிருந்து வருகிற பஸ்ஸில் நம் வீட்டு விலாசம் எல்லோருக்கும் மனப்பாடம். வெள்ளிக்கிழமை ஆனாலே நான் கூடுதலாக அரிசி புடைக்க உட்கார்ந்துவிடுவேன்.

நீங்கள் ஏன் அப்படி இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கள்ளக்குறிச்சி வீட்டில் நிலமும் மில்லும் அண்ணன் கையில் இருந்தன. நீங்கள் காகிதம் எழுதிப் பிழைக்கிற குமாஸ்தா. பந்தியில் உங்களுக்கு இரண்டாம் வரிசைதான். எதையாவது சொல்ல வாயெடுத்தால் ‘உனக்கு என்னப்பா தெரியும்’ என்பார். அதே அண்ணன் நம் கூடத்தில் உட்கார்ந்து, “தம்பி இல்லன்னா இந்த ஊர்ல நமக்கு யாரு?” என்று சொன்னபோது உங்கள் முகம் விளக்கேற்றிய மாதிரி ஆனதை நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். அதற்காகத்தான் ஒன்றரை வருஷம் வாயைத் திறக்காமல் கிடந்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சண்டை போடுவது? எனக்கு ஆத்திரமே அதில்தான். உங்கள் முகத்துக்கு வெளிச்சம் வர என் ஞாயிற்றுக்கிழமைகள் எரிந்தன. அது உங்கள் கண்ணில் படவே இல்லை.

மற்றவர் கண்ணில் பட்டது. வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அஞ்சலையை நினைவிருக்கிறதா? கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருநாள் கேட்டாள்.

“ஏம்மா, எங்கூட்டு மீனத்தான் வாரம் தவறாம வாங்குற. ஒருநாளாச்சும் கடக்கரை பக்கம் உன்ன பாத்ததே இல்லியே?”

“இன்னும் போகலை.”

“இன்னாது! வந்து எத்தினி மாசம் ஆவுது?”

“வருஷம் ஒண்ணு முடிஞ்சுபோச்சு.”

அவள் சிரிக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “என் வாசப்படியில உக்காந்தா காலுக்குக் கீழ கடலும்மா. நீ வா, நான் காமிக்கிறேன்” என்றாள். நான் மறுத்துவிட்டேன். ‘எங்க வீட்டுக்காரர் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார்’ என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு பெருமை! மீன்காரி காட்டி நான் கடல் பார்ப்பதா? நீங்கள் காட்டித்தான் பார்க்க வேண்டும். அந்த வீம்பு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பின்னால் சொல்கிறேன்.

ஐம்பத்தேழு, ஐப்பசி மழை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. உங்கள் அண்ணனும் தம்பியும் அந்த நெல் வியாபாரியும் வந்திருந்தார்கள். கடற்கரைக்குப் போக முடியவில்லை. கூடத்திலேயே உட்கார்ந்து இலையை மென்றார்கள். நான் அடுப்படியில் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தேன். உங்கள் அண்ணன் குரல் கேட்டது.

“வசந்தா, வாம்மா. வந்து மோந்து பாரு.”

எட்டிப் பார்த்தேன். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் குழந்தை அண்ணன் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தை நீட்டினாள். அவர் வாயைத் திறந்து ‘ஹா’ என்று அவள் முகத்தில் ஊதினார்.

“பெரியப்பா பாஸ்” என்றாள்.

அடுத்து சித்தப்பா. “சித்தப்பா ஃபெயிலு! இன்னும் நாலு எலை!” கூடமே கொல்லென்று சிரித்தது. உங்கள் தம்பி காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுவதுபோல நடித்தார். அந்த நெல் வியாபாரி சட்டைப் பையிலிருந்து பெப்பர்மின்ட் எடுத்து, “நம்மள பாஸ் போட்டுடு பாப்பா” என்றபடி வாயைத் திறந்தார். குழந்தை அவர் பக்கம் நகர்ந்தாள்.

அவளுக்கு அது புதிதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கே நிற்பது, எவ்வளவு தூரத்தில் முகத்தை வைப்பது என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றரை வருஷமாக வாராவாரம் அந்தக் கடற்கரையில் நடந்தது இதுதான். யாரென்றே தெரியாத ஆம்பளைகள் என் பெண் முகத்தில் சாராய மூச்சை ஊதியிருக்கிறார்கள். அதற்குக் கூலி பெப்பர்மின்ட். நீங்கள்? தூணில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள். மகள் கெட்டிக்காரி என்ற பெருமைச் சிரிப்பு அது. அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. செத்துப்போனீர்கள் என்பதற்காக மன்னிக்க வேண்டுமா?

மூத்தார் எதிரில் நான் நிமிர்ந்து நின்றதில்லை. அன்றைக்குக் கரண்டியும் கையுமாகக் கூடத்தின் நடுவில் போய் நின்றேன்.

“என் பொண்ணு உங்க வாயை மோந்து பாக்கவா பொறந்தா? வெக்கமா இல்ல உங்களுக்கு? நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் பண்ணி அனுப்புறப்ப, இந்த வேலையும் தெரியும்னு சொல்லித்தான் அனுப்புவீங்களா?”

நீங்கள்தான் முதலில் வாய் திறந்தீர்கள். “உள்ள போ” என்றீர்கள். அவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. என்னைப் பார்த்துத்தான், உள்ளே போ.

நான் வெளியே போனேன். வசந்தாவை ஒரு கையில், சேகரை இடுப்பில். குடை எடுக்கவில்லை. சந்து முனையில் நின்றபோது இடது பக்கமா வலது பக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. “நேரா போம்மா, வாய்க்கால தாண்டணும்” என்றாள் வசந்தா. ஒன்றரை வருஷம் குடியிருந்த ஊரில் கடலுக்கு எனக்கு வழி சொன்னது என் எட்டு வயதுக் குழந்தை. மழைத் தண்ணீரோடு என் கண்ணீரும் போயிற்று, நல்லவேளை அவளுக்குத் தெரியவில்லை.

கடற்கரைச் சாலை பக்கம் போக எனக்குப் பிடிக்கவில்லை. அது உங்கள் கூட்டம் உலாத்துகிற இடம். வடக்கே திரும்பி, போவோர் வருவோரைக் கேட்டு வைத்திக்குப்பம் போனோம். கட்டுமரங்களை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். அஞ்சலை வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

“இன்னாம்மா இது, கொட்டுற மழையில புள்ளைங்கள கூட்டிக்கினு வந்துட்ட?”

“கடல பாக்க வந்தேன்.”

என் முகத்தைப் பார்த்தாள். சேகரை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டாள். “போ. தூர போவாத, இன்னிக்கு மூர்க்கமா கீது” என்றாள்.

என்னத்தைச் சொல்ல! கறுப்பாக, சேறாக, வானம் எது தண்ணீர் எது என்று பிரிக்க முடியாதபடி இருந்தது. இரைச்சலில் என் மூச்சே எனக்குக் கேட்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வசந்தா கையைப் பிடித்தபடி விளிம்புவரை போனேன். ஒரு அலை வந்து முழங்காலை இடித்துவிட்டு, காலுக்கடியில் இருந்த மண்ணையும் அள்ளிக்கொண்டு போயிற்று. கீழே விழப்போனேன். விழவில்லை. அவ்வளவு ஆத்திரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் நின்றிருப்பேன்? ஒரு கஞ்சி கொதிக்கிற நேரம்கூட இருக்காது. பின்னால் குரல் கேட்டது. நீங்கள். குடையும் கையுமாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மணலுக்கு இறங்காமல் மேட்டிலேயே நின்றீர்கள். ஒரு கணம், என்ன நினைத்தேன் தெரியுமா? இறங்கி வருவீர்கள், என் பக்கத்தில் நிற்பீர்கள் என்று நினைத்தேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம். வந்து நின்றால் போதும்.

“சோறு கட்டலியா? அவங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றீர்கள்.

சொல்லுங்கள், எந்த மனிதன் அந்த இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்வான்? உங்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லையா, இல்லை தோன்றியதைச் சொல்லத் தெரியவில்லையா? எத்தனையோ நாள் இதைப் பற்றி யோசித்திருக்கிறேன். எப்படி யோசித்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நான் வீட்டுக்கு வந்து சோறு கட்டினேன். ஆமாம், கட்டினேன். உங்கள் அண்ணன் அதைத் தொடாமல் கிளம்பினார். அதோடு கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. பொம்பளை வாய்க்குப் பயந்து தம்பி வீட்டுப் படியேற மாட்டோம் என்று ஊரெல்லாம் சொன்னார்களாம். சொல்லட்டும். எனக்கு வலித்தது அது இல்லை. அந்த வாரத்திலிருந்து நீங்களும் கடற்கரைக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள். பேப்பரை விரித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். சேகர், “அப்பா, கடலு?” என்று கேட்டால், “அம்மாவ கேளு” என்பீர்கள்.

அம்மாவ கேளு! பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமையைப் பறித்தது அம்மாதான் என்று அந்தச் சின்ன மனதில் இரண்டே வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். நான் அழைத்துப் போயிருக்கலாம். வழிதான் தெரிந்துவிட்டதே. அஞ்சலை ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டாள். நான் போகவில்லை. நீங்கள் வாயைத் திறந்து ‘வா’ என்று கூப்பிடட்டும் என்று அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்கட்டும் என்று நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். அலைச் சத்தம் இரண்டு பேர் காதிலும்தான் விழுந்தது. நாலரை வருஷம்! இதில் என் பங்கும் உண்டு என்று எனக்குத் தெரியும், அதை நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டாம்.

அறுபத்திரண்டில் திரும்பவும் மாற்றல் வந்தது. சாமானை முன்னதாக அனுப்பிவிட்டோம். சொல்தா எனக்கு ஒரு கூடை கொய்யாப் பழம் கொடுத்து, “உன்னாலதான் மதாம் இந்த மரம் பொழச்சுது” என்றார். இரண்டு ரிக்‌ஷா வந்தன. முன்னால் போனதில் பிள்ளைகள், பின்னால் நாம். ஸ்டேஷனுக்கு நேராகத் தெற்கே போக வேண்டும். முன் ரிக்‌ஷா போய்விட்டது. நீங்கள் நம் ரிக்‌ஷாக்காரரிடம், “இப்படி கெழக்கால போயி, கடற்கரை வழியா போப்பா” என்றீர்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. வாய்க்காலைத் தாண்டினோம், திரும்பினோம். நல்ல வெயில். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. இடது பக்கம் முழுக்க ஏதோ பளபளவென்று இருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்.

“பாரு.”

ஆறு வருஷம் கழித்து, ஒரே வார்த்தை. நான் மடியிலிருந்த குத்துவிளக்கு மூட்டையின் முடிச்சைப் பார்த்தபடியே, “பாத்தாச்சு” என்றேன்.

அந்தச் சாலை முடிகிறவரை ரிக்‌ஷாவின் சக்கரம் கிறீச்சிட்டது மட்டும்தான் கேட்டது.

பிறகு வருஷக்கணக்காக, யார் வந்தாலும் நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள்: “பாண்டிச்சேரியிலிருந்து கெளம்புற அன்னிக்கு இவளுக்குக் கடல காமிச்சுட்டுத்தான் ரயிலேறினேன்.” நான் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

இவ்வளவையும் இன்று மத்தியானம் எழுதிவிட்டுப் பேனாவை மூடப்போனேன். ஏதோ உறுத்தியது. வசந்தாவைக் கூப்பிட்டேன்.

“நீ அலையில நான் நின்னேன்னு சொன்னியே. அன்னிக்கு வெயிலா, மழையா?”

“மழைம்மா. கட்டுமரம் எல்லாம் மேல கெடந்துச்சு. ஒரு அம்மா சாக்கு போட்டுக்கினு தம்பிய தூக்கி வெச்சிருந்தாங்க. நீ விழப் பாத்தே. அப்புறம் சிரிச்சே. நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல, அதான் மறக்கல. நான்தான் அத்தைய நீன்னு தப்பா நெனச்சுட்டேன் போல.”

“தப்பில்லடி. நான்தான்.”

அவளுக்கு அது சண்டை போட்ட நாள் இல்லை. பெப்பர்மின்ட் இல்லை, ஊதிய வாய்கள் இல்லை. கொய்யா இலை வாசனை மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. ஒன்றரை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நினைவில் நின்றது அந்தக் கஞ்சி கொதிக்கிற நேரம்தான். ‘நாம எல்லாரும்’ என்று அவள் சொன்னது அதைத்தான்.

“அப்பா எங்க இருந்தாரு அன்னிக்கு?” என்று கேட்டேன்.

யோசித்தாள். “அப்பாவா? அப்பா அன்னிக்கு வரலையேம்மா.”

நான் திருத்தவில்லை. மேட்டில் குடையோடு நின்றார் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. உங்களுக்கு அந்தப் படம் இருக்கிறது. அதில் நான் இல்லை. எனக்கு இது இருக்கட்டும்.

படத்தை மாட்டச் சொல்லிவிட்டேன். திதியன்று பூவும் வைப்பேன், உங்களுக்குப் பிடித்த வஞ்சிரம் அன்றைக்குக் கூடாது என்பதால் மறுநாள் செய்து போடுவேன். அதிலெல்லாம் குறை வைக்க மாட்டேன். கோபத்திலும் குறை வைக்க மாட்டேன். ஆனால் ஒரு பொய் முப்பது வருஷத்துக்கு மேலாக என்னிடம் கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு உங்கள்மேல் முழுசாகக் கோபப்பட முடியவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு ரிக்‌ஷாவில் பார்த்தாச்சு என்றேனே, நான் பார்க்கவில்லை. நீங்கள் காட்டிய கடலை நான் பார்க்கவே இல்லை.